சுத்தமான சிறுநீர் யாருடைய வெற்றி?

லண்டனில் ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபட உள்நோயாளிகளாகச் சேர்ந்த 137 பேரை ஓர் ஆய்வுக்குழு பின்தொடர்ந்தது. 2003ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. அந்த 137 பேரில் 37 பேர் சிகிச்சையை முழுதாக முடித்து, உடம்பில் போதைப்பொருளின் சுவடே இல்லாமல் வீடு திரும்பியவர்கள். 43 பேர் அரைக்கிணறு தாண்டியவர்கள். 57 பேர் முதல் கட்டத்தையே தாக்குப்பிடிக்க முடியாமல் கிளம்பிவிட்டவர்கள். எந்த மருத்துவமனையின் ஆண்டறிக்கையிலும் இது 37 வெற்றி, 57 தோல்வி என்றுதான் ஏறும். நான்கு மாதத்துக்குள் மூன்று பேர் ஓவர்டோஸில் இறந்தார்கள். மூன்று பேருமே அந்த 37 பேருக்குள் இருந்தவர்கள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஹெராயினுக்குப் பழகிய உடல் பெரிய அளவைத் தாங்கும். சில வாரங்கள் முழுதாக நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடும். வெளியே வந்தவர் ஏதோ ஒரு மோசமான மாலையில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிகிச்சையை முடிக்காமல் ஓடியவருக்குத் தாங்குதிறன் மிச்சம் இருந்தது. 'தோற்றவர்' பிழைத்தார், 'வென்றவர்' செத்தார்.

போதைச் சிகிச்சை ஆய்வில் எதைப் பலன் என்று எண்ணுவது என்ற கேள்வி ஆய்வாளர்களின் உள்வீட்டுச் சண்டை என்று நம் தோழர்கள் பலர் நினைக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடமாக இதற்குள் உழல்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது நம் சண்டை. நாம் வெளியே நிற்பதால்தான் அவர்கள் வசதிக்கு முடிக்கிறார்கள்.

முதலில் குழப்பம் எவ்வளவு பெரியது என்று பார்ப்போம். ஓர் ஆய்வு சிறுநீர்ப் பரிசோதனையை எண்ணுகிறது. இன்னொன்று, நோயாளி எத்தனை வாரம் சிகிச்சையில் நீடித்தார் என்பதை. மற்றொன்று, மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பினாரா என்பதை. அதிலும் 'திரும்புதல்' என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம். அளவுகோல் வேறுவேறானால் ஓர் ஆய்வை இன்னோர் ஆய்வோடு ஒப்பிட முடியாது. ஒரே ஆய்வுக்குள்ளேயே இரண்டு பதில் வரும். 2018ல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று மாதம் ஒருமுறை போடும் நால்ட்ரெக்சோன் ஊசியையும், தினமும் நாக்கடியில் வைக்கும் பியூப்ரனார்பினையும் ஒப்பிட்டது. நால்ட்ரெக்சோன் தொடங்க வேண்டுமானால் முதலில் போதைப்பொருளைச் சில நாட்கள் அடியோடு நிறுத்தியிருக்க வேண்டும். அந்த வேதனையைத் தாண்டி ஊசியைத் தொடங்க முடிந்தவர்கள் 72% மட்டுமே. பியூப்ரனார்பினைத் தொடங்கியவர்கள் 94%. தொடங்க முடியாதவர்களையும் சேர்த்து எண்ணினால் பியூப்ரனார்பின் மேல்: 24 வாரத்தில் பழக்கத்துக்குத் திரும்பியவர்கள் 57%, ஊசிப் பிரிவில் 65%. தொடங்கியவர்களை மட்டும் எண்ணினால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஊசி விற்பவர் எந்தக் கணக்கை முன்னால் நீட்டுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பொது அளவுகோல் வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 'அளவுகோல் என்பதே அதிகாரத்தின் மொழி, நாம் அனுபவத்தைப் பேசுவோம்' என்று கருத்தரங்கில் கைதட்டு வாங்குகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை: எண்ணாததால் யாருக்கு லாபம் என்று நமக்குத் தெரியாதா? 1931க்குப் பிறகு சாதிவாரிக் கணக்கை முழுதாக எடுக்காமல் இழுத்தடித்தது யார்? 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை இறங்கி வந்ததே, அது தானாக வந்த ஞானமா? எண்ணச் சொல்லிப் போராடியவர்களின் வாரிசுகள் நாம். நம் கேள்வி எதை எண்ணுவது, யார் முடிவு செய்வது என்பது.

அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவ ஆய்வு வலைப்பின்னல் இப்படி ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கி 2022ல் வெளியிட்டது. டெல்ஃபி முறை, குழுவினர் பல சுற்றுகளாக மதிப்பெண் போட்டு, ஒத்துவருவதை மட்டும் வைத்துக்கொள்வது. 24 அளவுகோல்களில் தொடங்கி ஐந்தில் முடிந்தது. மொத்தத்தில் முன்னேறியிருக்கிறேனா என்று நோயாளியே சொல்வது. உயிர் போகாத ஓவர்டோஸ் நடந்ததா என்று அவரே சொல்வது. சிறுநீர் போன்ற பரிசோதனை. சிகிச்சையில் இருந்த காலம். ஓபியாய்டு நஞ்சால் மரணம். கடைசி இரண்டும் அலுவலகப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும்.

பட்டியல் மோசமில்லை. ஐந்தில் இரண்டு நோயாளியின் வாயிலிருந்து வருவது பெரிய விஷயம். ஆனால் மதிப்பெண் போட்ட 25 பேர் யார்? மருத்துவர்கள், ஆய்வாளர்கள், நிர்வாக ஊழியர்கள். வரிசையில் நின்று மருந்து வாங்குகிறவர் என்ற வகை அந்த விவரிப்பில் இல்லை. நோயாளிக்குக் கேள்வி உண்டு. கேள்வியை முடிவு செய்யும் நாற்காலி கிடையாது. இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சேரிக்கு என்ன வேண்டும் என்று அக்கிரகாரத்தில் கூடி ஏகமனதாகத் தீர்மானம் போட்ட வரலாறு நம்முடையது.

நாற்காலி கொடுத்தால் என்ன மாறும் என்று கேட்கலாம். மூட்டுவாத ஆய்வாளர்கள் 1992லிருந்தே தங்கள் துறைக்குப் பொது அளவுகோல் வகுத்து வந்தார்கள். பத்து வருடம் மருத்துவர்களே பேசினார்கள். 2002 மாநாட்டுக்கு முதன்முறையாக நோயாளிகளை அழைத்தார்கள். வந்தவர்கள் சொன்ன முக்கியமான சங்கதி, பட்டியலில் இடம்பெறாமலே இருந்த ஒன்று: அசதி. வீக்கத்தையும் வலியையும் அளந்த நிபுணர்களுக்கு, காலையில் எழுந்திருக்க முடியாத அந்த அசதி அளக்கத்தக்க விஷயமாகத் தோன்றவில்லை. போதைச் சிகிச்சையிலும் லண்டன் கிங்ஸ் கல்லூரியில், பழக்கத்திலிருந்து மீண்டவர்களோடு உட்கார்ந்து 21 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் நிலையான வீடும் நிரந்தர வருமானமும் இடம்பிடித்தன.

அளவுகோலை வைத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்து ஒரே மருந்தின் பலனே வேறாகிவிடும் என்பதற்கு மெத்தடோனின் கதை போதும். 1965ல் நியூயார்க்கில் டோல், நிஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் 22 நோயாளிகளை வைத்து முதல் கட்டுரையை எழுதினார்கள். வேலைக்குப் போனார்களா, படிப்பைத் தொடர்ந்தார்களா, வீட்டோடு சேர்ந்தார்களா என்பதெல்லாம் அதில் பலனாகப் பேசப்பட்டது. ஐந்தே வருடத்தில் அந்த மருந்து வாஷிங்டனுக்குப் போனது. 1969ல் அங்கே சிறைக்கு வந்தவர்களைச் சோதித்ததில் 44% பேருக்கு ஹெராயின் பழக்கம் என்று தெரிந்தது. 1970ல் நகரமெங்கும் மெத்தடோன் மையங்கள் திறந்தார்கள். பெருமையாகக் காட்டப்பட்ட பலன், திருட்டும் குற்றமும் குறைந்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. மருந்து குடிப்பவர் பிழைத்தாரா என்பதைவிட, மருந்து குடிக்காதவரின் வீடு பத்திரமாக இருக்கிறதா என்பதே அளவுகோல் ஆனது. பிறகு பியூப்ரனார்பின் வந்தது. மருத்துவரிடம் சீட்டு வாங்கி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். அது பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே, கையில் காசோ தனியார் காப்பீடோ இருப்பவர்களுக்கே போய்ச் சேர்ந்தது என்று 2019ல் வந்த ஆய்வு காட்டியது. கறுப்பினத்தவருக்கு மிஞ்சியது தினசரி வரிசை.

இனி சிறுநீருக்கு வருவோம். உலகம் முழுக்க இந்தத் துறையில் புழங்கும் பேச்சுமொழி ஒன்று உண்டு. பரிசோதனையில் போதைப்பொருள் இல்லை என்றால் 'க்ளீன்'. இருந்தால் 'டர்ட்டி'. சுத்தமான சிறுநீர், அசுத்தமான சிறுநீர். சர்க்கரை அதிகமான ரத்தத்தை எந்த மருத்துவராவது அசுத்த ரத்தம் என்பாரா? இந்தச் சொல்லை நியூயார்க்கில் ஒருவர் சொன்னால் ஒழுக்கவாதம் என்று விட்டுவிடலாம். இந்தியாவில் ஒரு மருத்துவர் தன் எதிரில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியின் மகனிடம் சொல்லும்போது அது வேறு சொல். சுத்தம், அசுத்தம் என்று மனிதரைப் பிரித்து மூவாயிரம் வருடம் பழகிய நாக்கு அது. சிறுநீரைப் பார்ப்பதே கூடாது என்று சொல்லவில்லை. மருந்தோடு வேறென்ன கலக்கிறது என்று தெரிவது சில நேரம் உயிரைக் காக்கும். அதையே ஒரே வெற்றியாக ஆக்கும்போதுதான், தீட்டு கழிப்பதையே சிகிச்சை என்று விற்கிறோம்.

தீட்டுக் கணக்கு உயிரையும் வாங்கும். 2017ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருக்கும்போது ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு சுமார் 11 மரணம். சிகிச்சையிலிருந்து வெளியே இருக்கும்போது 36. மருந்தைத் தொடர்ந்து எடுப்பதே ஆளைக் காக்கிறது. ஆனால் 'எந்த மருந்தும் இல்லாமல் சுத்தமாக இருப்பதே வெற்றி' என்ற அளவுகோலில், பத்து வருடமாக மெத்தடோன் எடுத்து, வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் மனிதர் தோல்வி. போன மாதம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இந்த மாதம் சாகப்போகிறவர் வெற்றி.

என் கள ஆய்வு பஞ்சாபில், மால்வா பகுதியில். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினரின் பங்கு இந்தியாவிலேயே அதிகமுள்ள மாநிலம் அது. 2011 கணக்கில் 31.9%. நிலத்தில் அவர்களுக்கு இருப்பது சொற்பம். அறுவடைக் காலத்தில் வேலை ஓடவேண்டும் என்று நிலக்காரரே தேநீரோடு புக்கி என்ற கசகசாத் தோலைக் கலந்து கொடுத்த நாட்களைப் பற்றி முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அதே வீடுகளின் பேரன்கள் ஹெராயினோடு அரசு மையத்தின் வரிசையில் நிற்கிறார்கள். 2017 அக்டோபரில் அங்கே புறநோயாளிகளுக்கான பியூப்ரனார்பின் மையங்களைத் தொடங்கினார்கள். நல்ல திட்டம், பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் மாத்திரையைத் தினமும் வந்து, ஊழியர் கண் முன்னால் நாக்கடியில் வைத்துக் கரைக்க வேண்டும்.

ஒரு வீர்ஜி (அங்கே அண்ணன் என்று அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். கூலிக்கு ஆள் எடுக்கும் சவுக்கில் காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும். மையம் திறப்பதோ ஒன்பதுக்கு. மாத்திரை வாங்கினால் கூலி இல்லை. கூலிக்குப் போனால் மாத்திரை இல்லை, மாலைக்குள் எலும்பெல்லாம் முறியும் வலி. வாரத்துக்கு மூன்று நாள் மையம், மூன்று நாள் சவுக் என்று ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு கட்டத்தில் மையத்தை விட்டுவிட்டார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'இடைநின்றவர்' என்று எழுதியிருக்கும்.

இடைநின்றவர்! நம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டபோதும் இதே சொல்லைத்தான் எழுதினார்கள். அவர்கள் இடைநிற்கவில்லை, வெளியேற்றப்பட்டார்கள் என்று நம் இயக்கங்கள் கத்திக் கத்தித்தான் அது கொஞ்சம் மாறியது. சிகிச்சையில் நீடித்த காலம் என்ற அளவுகோலை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது மனிதரை அளக்கிறதா, மையத்தை அளக்கிறதா? 2020ல் கொரோனா வந்தபோது பஞ்சாபில் இரண்டு வாரத்துக்கும் அதற்கு மேலும் மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தார்கள். அமெரிக்காவில் நிலையாக இருப்பவருக்கு 28 நாள் மெத்தடோன் வரை அனுமதித்து, 2024ல் அதை நிரந்தர விதியாக்கினார்கள். இத்தனை வருடம் 'இவர்களை நம்பிக் கையில் கொடுக்க முடியாது' என்றவர்கள், தங்களுக்குத் தொற்றும் என்றதும் கொடுத்துவிட்டார்கள். சிகிச்சைக்காக இழந்த கூலி நாள் என்று ஓர் அளவுகோல் பட்டியலில் இருந்திருந்தால் அதற்கு ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டிருக்காது.

அமெரிக்கப் பட்டியலை அப்படியே இறக்கினால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஓபியாய்டு மரணத்தைப் பதிவேட்டிலிருந்து எடு என்கிறது அது. இந்தியாவில் பதிவாகும் மரணங்களில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளிப்பது கால்வாசிக்கும் குறைவு. வயல் மோட்டார் கொட்டகையில் ஊசியோடு கிடந்தவரை வீட்டார் நெஞ்சுவலி என்று சொல்லி எரித்துவிடுவார்கள்; போலீசுக்குப் பயம், தங்கை கல்யாணம். பதிவேட்டைப் பார்த்தால் மரணம் பூஜ்யம், திட்டம் மகத்தான வெற்றி. இந்தப் பூஜ்யத்தை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021ல் மாநிலங்களவையில் பதில் சொன்ன நாடு இது. மலக்குழியில் இறங்கியவர்கள் அந்தப் பட்டியலில் வராமல் இருக்க ஒரு வரையறையே போதுமானதாக இருந்தது.

சாதி எங்கே என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஒரு பயிலரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன்: எந்த மருந்து யாருக்குப் பலித்தது என்பதைச் சாதிவாரியாகப் பார்க்கக்கூடாதா? "தம்பி, அது க்ளினிக்கல் வேரியபிள் இல்லப்பா. வருமானம் போட்டா அதுக்குள்ளயே எல்லாம் வந்துரும்" என்றார். அரங்கு சிரித்தது. நான் வாசித்த இந்திய ஆய்வுகளில் முக்கால்வாசியின் முதல் அட்டவணை மனப்பாடம்: வயது, திருமணம், மதம், கல்வி, தொழில், வருமானம். 1976ல் உருவாகி இன்றும் திருத்தித் திருத்திப் பயன்படுத்தப்படும் குப்புசாமி அளவுகோலில் கல்வி, தொழில், வருமானம் மூன்றுதான். சாதியைச் சேர்த்த அளவுகோல் ஒன்றும் இருக்கிறது, மறுக்கவில்லை. 1964ல் பரீக்கும் திரிவேதியும் கிராமங்களுக்காக உருவாக்கியது. பட்டியல் சாதிக்கு ஒரு மதிப்பெண், ஆதிக்க சாதிக்கு ஆறு! சாதியை எண்ணுவதென்றால் மார்க் போடுவது, இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வது. இரண்டுக்கும் நடுவே, இந்த மையம் யாரை எப்படி நடத்துகிறது என்று கேட்கும் கேள்வியாகச் சாதியை வைக்க இவர்களுக்குத் தோன்றவே இல்லை.

தோழர்கள் சிலர் எதிர்த்திசையிலிருந்து பயப்படுகிறார்கள். போதை மையத்தின் பதிவேட்டில் சாதியை எழுதினால் நாளை அது காவல் நிலையத்துக்குப் போகாதா? 'இந்தச் சாதிக்காரர்கள் போதை அடிமைகள்' என்று ஒரு தலைப்புச் செய்தி வராதா? 1871ன் குற்றப் பரம்பரைச் சட்டம் எண்ணியதும் எழுதியதும்தானே? இந்தப் பயம் நியாயமானது, பேராசிரியரின் சிரிப்பைப் போன்றதல்ல. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையன்கள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் வடசென்னையின் தெருப்பெயர்கள் எப்படி அச்சேறுகின்றன என்று பார்க்கிறோம். டேபென்டடால் என்ற அந்த மாத்திரையும் ஓபியாய்டுதான். அந்தப் பையன்களுக்குக் கிடைக்கும் முதல் 'சிகிச்சை' பெரும்பாலும் லத்தி. அதனால்தான் நிபந்தனை போட வேண்டும் என்கிறேன். சாதி, பெயரோடு மையத்தின் பதிவேட்டில் இருக்கக்கூடாது. ஆய்வின் அடையாளம் நீக்கிய தரவில் மட்டும் இருக்கட்டும். அதை வைத்து அளக்கப்படுவது மையமாக இருக்கட்டும்: யாருக்கு வீட்டுக்கு மாத்திரை கொடுத்தார்கள், யாரை வரிசையில் நிறுத்தினார்கள், யாருக்குக் குறைந்த அளவு மருந்து எழுதினார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள். கறுப்பினத்தவருக்குப் பியூப்ரனார்பின் போய்ச் சேரவில்லை என்று அமெரிக்காவில் நிரூபிக்க முடிந்ததே, இனம் என்ற நிரல் அங்கே இருந்ததால்தான்.

2019ல் வெளியான எய்ம்ஸின் தேசியக் கணக்கெடுப்பின்படி, ஓபியாய்டு பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் இந்த நாட்டில் ஏறத்தாழ 77 லட்சம். அவர்களின் சிகிச்சையை எதை வைத்து அளப்பது என்று இந்தியாவிலும் ஒரு நாள் ஒரு மேசையைச் சுற்றி உட்காரத்தான் போகிறார்கள். அந்த மேசையில் பாதி நாற்காலி மருந்து எடுப்பவர்களுக்கு, அதிலும் தினக்கூலிகளுக்கும் பெண்களுக்கும் என்று இப்போதே கேட்க வேண்டும். வருகிறவர்களுக்கு அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும்; இல்லையென்றால் அங்கேயும் 'இடைநின்றவர்' ஆவார்கள்.

என் ஆய்வுக்கான கேள்வித்தாளில் அமெரிக்கப் பட்டியலின் ஐந்தையும் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்கள் சொன்ன நான்கைச் சேர்த்திருக்கிறேன்: இழந்த கூலி நாள், தூக்கம், போலீஸ் தொல்லை, மையத்தில் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடைசிக் கேள்வியை வீர்ஜிதான் சொன்னார். மரணத்தைப் பதிவேட்டில் தேடாமல் வீட்டில் போய்க் கேட்பது என்று மாற்றினேன். சாதி நிரலையும் வைத்தேன். கைடு போன வாரம் தாளைத் திருப்பி அனுப்பினார். நான்கு கேள்விக்கும் சிவப்பு மையில் 'தரப்படுத்தப்பட்டதா?' என்று எழுதியிருக்கிறார். சாதி நிரலைச் சுற்றி ஒரு வட்டம், அருகில் வெறும் கேள்விக்குறி. வியாழக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.